நத்தக்குளத்துக் கம்ப்யூட்டர்

நத்தக்குளத்துக்குள் எந்தச் சொல் வந்தாலும் வந்த மாதிரியே திரும்பிப் போனது கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் அதை வாயில் போட்டு மென்று, அதற்கு ஒரு வேலையைக் கொடுத்து, கூடவே ஒரு பட்டப்பெயரையும் வைத்து, கடைசியில் அது பிறந்த ஊருக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கித்தான் விடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊருக்குள், ஒரு பங்குனி மாத வெயிலில், மதுரைக்கு மிளகாய் கொண்டுபோன வேன் திரும்பி வரும்போது வெறுஞ்சாக்குகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் வந்து இறங்கியது என்றால், அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு யாரைக் குறை சொல்ல முடியும்?

கொண்டுவந்தவள் மங்களேஸ்வரி. மதுரையில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த இருபத்தோரு வயதுப் பெண். மிளகாய் மண்டி சீனி முகம்மதுவிடம் நடையாய் நடந்து, மண்டியின் முன்னறையைக் கேட்டு வாங்கி, அதற்கு நீலத் திரைச்சீலை தைத்துப் போட்டு, பெட்டியை மேசைமேல் ஏற்றினாள். மதுரையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்களில் பாதி வரும் வழியிலேயே மறந்திருந்தாலும், தூசி ஆகாது என்ற ஒன்று மட்டும் நெஞ்சில் ஆணியடித்த மாதிரி நின்றிருந்ததால், வாசலில் முதல் காரியமாக ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டாள்: செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்.

அந்தப் பலகைதான் எல்லாவற்றுக்கும் வித்து. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நத்தக்குளத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது, குரல் தணிந்தது, கை தானாகக் கட்டிக்கொண்டது. கருப்புத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி சிமிட்டிச் சிமிட்டி எரிந்ததைப் பார்த்து, கண்ணு திறந்துதான் இருக்கு என்று ஒருவருக்கொருவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள்.

உயர்நிலைப்பள்ளி இங்கிலீஷ் வாத்தியார் அருளானந்து மட்டும், உடையப்பனின் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலேயே ஒரு விளக்கம் சொன்னார்.

"இந்த வார்த்தைக்கு முதல்ல மெஷினுன்னு அர்த்தமே கிடையாதுப்பா. அந்தக் காலத்துல நாள் பூராம் உக்காந்து கணக்குப் போடுற ஆளுகளைத்தான் அப்படிக் கூப்பிட்டாக. மெஷினு பின்னாடி வந்துச்சு, ஆளோட பேரை அது எடுத்துக்கிருச்சு."

"அப்ப மண்டிக் கணக்குப் பாக்குற நம்ம பாயும் கம்ப்யூட்டருதானா சார்?" என்றான் உடையப்பன். கடையே சிரித்தது. சீனி முகம்மதுவும் சிரித்து, சிரித்த வேகத்தில் சட்டையில் ஒட்டியிருந்த மிளகாய்த் தூள் மூக்கில் ஏறி, தும்மி ஓய்ந்தார். அருளானந்து சார் சொன்னதை அத்தோடு ஊர் மறந்தது.

வந்த மறுவாரமே மங்களேஸ்வரி ஒன்றைப் பார்த்துவிட்டாள். பெட்டியின் வயரை மண்டி எலி கடித்து இரண்டாக்கிப் போட்டிருந்தது. ஒரு துண்டு சுவரில் தொங்கியது, ஒரு துண்டு பெட்டியில் தொங்கியது, நடுவில் ஒரு சாண் காற்று. பச்சைப் புள்ளியோ நிற்காமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் சீனி முகம்மதுவைக் கூட்டிவந்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"எலிக்கு வேற சோலி இல்ல. ஓடுதுல்ல தாயி?"

"ஓடுது பாய்."

"ஓடுறதை எதுக்கு நிப்பாட்டிக்கிட்டு? விடு."

விட்டாள். கரண்ட்டில் ஓடாத அந்தப் பெட்டி எதில் ஓடியது என்பது சீக்கிரமே ஊருக்கு விளங்கிவிட்டது. கம்ப்யூட்டர் என்று சொல்லும்போது ஊர் எதை நினைத்ததோ, பெட்டி அதுவாக இருந்தது. வேறு ஊராக இருந்தால் இதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருப்பார்கள். நத்தக்குளத்தில் அடுத்த வேலை என்ன என்றுதான் பார்த்தார்கள்.

அந்த வருஷம் ஊர் வாயில் கம்ப்யூட்டர் என்றால் பொய் சொல்லாதது என்று அர்த்தம். அது தப்பே செய்யாதாமே, அதற்கு அண்ணன் தம்பி வித்தியாசம் தெரியாதாமே என்று பஸ்ஸிலும் குளக்கரையிலும் பேசிப் பேசி, அந்த அர்த்தம் நன்றாக ஊறிப்போனது. காணாமல் போன கோழிக்காக இரண்டு பெண்கள் தலைமயிரைப் பிடிக்கப் போனபோது, மங்களேஸ்வரி அவர்களை அறைக்குள் உட்காரவைத்தாள். திரையில் பச்சைக் கோட்டால் ஒரு கோழி உருவாகி, கழுத்தை வெட்டி வெட்டி நடந்து, எந்த வீட்டு அடுப்பில் வெந்ததோ அந்த வீட்டு வாசலில் போய் நின்றது. அதைவிடப் பெரிய அதிசயம், அந்த அறைக்குள் உட்கார்ந்தால் மனுஷர்களுக்கும் பொய் வாயில் வராமல் போனது. மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை என்று ஆரம்பித்த கல்யாணத் தரகர், சீட்டாட்டம் மட்டும்தான், அதுவும் விடிய விடிய, என்று முடித்துவிட்டுத் தன் வாயைத் தானே அடித்துக்கொண்டார். பஞ்சாயத்துகள் எல்லாம் அந்த அறைக்கு வந்தன. கல்யாணப் பேச்சுகள் எல்லாம் அந்த அறையை விட்டுத் தூர ஓடின.

மங்களேஸ்வரியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத்தான் ஓட வழியில்லை. பெண் இருக்கிற இடத்தில்தானே பெண் பார்க்க வேண்டும்? மாப்பிள்ளையின் அம்மா, தங்கமான பொண்ணு என்று சொல்ல வாயெடுத்து, நிறம் கம்மி, நகையும் கம்மி, பெட்டியை எங்க பேருக்கு எழுதி வச்சா யோசிக்கலாம் என்று பாக்கி இல்லாமல் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள், அப்புறம் நின்றே போனார்கள். அவளுக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வருத்தப்பட்டு உட்கார நேரம் எங்கே இருந்தது? அதற்குள் ஊர் சொல்லை மாற்றிவிட்டது.

கடைத்தெருவில் புதுசாக எது வந்தாலும் கம்ப்யூட்டர் என்ற பேரோடு வருகிற காலம் தொடங்கியிருந்தது. கம்ப்யூட்டர் ஜோசியம், கம்ப்யூட்டர் எடை, கம்ப்யூட்டர் கண்ணாடி, கம்ப்யூட்டர் கோலம். எல்லாவற்றுக்கும் மேலே, நெருப்பு வேண்டாம், தணல் வேண்டாம், ஒரு தீக்குச்சி போதும் என்று வந்ததே கம்ப்யூட்டர் சாம்பிராணி, அதுதான் பெண்களின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் வாங்கிட்டு வாங்க என்று வீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் சாம்பிராணியோடு வருவார் என்கிற நிலைமை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மங்களேஸ்வரி கதவைத் திறந்தபோது, பெட்டியின் பக்கவாட்டுத் துவாரங்களிலிருந்து வெள்ளைப் புகை மணக்க மணக்கச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. இருமிக்கொண்டே வந்து பார்த்த சீனி முகம்மது, மிளகாய் நெடிக்கு இது தேவலை என்றார்.

முதலில் குழந்தையோடு வந்தவள் கருவாட்டுக்கடை பூமயில். மங்களேஸ்வரிக்குச் சம வயது, வாய் மட்டும் இரண்டு மடங்கு. பிறந்து சில நாளே ஆன மகள் நாகஜோதியைக் குளிப்பாட்டி, தலை ஈரம் சொட்டச் சொட்டத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அடியே மங்களம், இந்தா பிடி. சும்மா போற புகைதானே, புள்ளைக்குக் காட்டு."

செருப்பு வாசலில் கிடந்தது. மங்களேஸ்வரி கையைக் கழுவி, இரண்டு முன்னங்கைகளிலும் குழந்தையைக் குப்புறப் போட்டு, பூப்போலப் புகையில் ஆட்டினாள். குழந்தை தும்மியது, பிறகு தூங்கிப்போனது. அவ்வளவுதான், அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் நிற்க இடமில்லை. அந்த வருஷங்களில் நத்தக்குளத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் அவள் கையில் புகை வாங்காமல் தொட்டிலுக்குப் போனதில்லை. அவளை யாரும் மங்களேஸ்வரி என்று கூப்பிடுவதும் அத்தோடு நின்றது. கம்ப்யூட்டரக்கா ஆனாள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து மீசை அரும்பி, தாவணி போட்டு நிற்கும்போது சொல் மறுபடியும் புரண்டது. இப்போது கம்ப்யூட்டர் என்றால் வெளிநாடு. கம்ப்யூட்டர் படிச்சா பறந்துறலாம் என்று அடுப்படி வரைக்கும் பேச்சு. ஒரு சித்திரை மத்தியானம், ஊரே வெந்துகொண்டிருக்கையில், திரைக்குள்ளிருந்து சில்லென்று காற்று அடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பஞ்சுத் துகள் மாதிரி பனி விழுந்தது. பனியா! நத்தக்குளத்திலா! கிழவர்களும் குமரிகளும் செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே பாய்ந்து, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சீனி முகம்மது மட்டும் மண்டிக்கும் அறைக்கும் நடுவில் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஏ தாயி! வத்தல் பூராம் நமத்துப் போகுது! அமெரிக்காவைக் கொஞ்சம் அடக்கி வையி!"

அந்தக் காற்றில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளுக்குக் குளிர் பழகியது, பாஷை பழகியது, போகிற துணிச்சலும் வந்தது. ஒவ்வொருவராக அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கையசைத்தாள். திரும்பி வந்து, அவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் கிடந்த பனியைத் துடைத்தாள். அந்த நாட்களில் அவளுக்கு நெஞ்சு நிறையப் பெருமை இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதே வாய் ஒரு சொல்லை விட்டுவிட்டால் அதைத் தூக்கி நிறுத்தவும் ஆள் கிடையாது. கைக்குக் கை போன் வந்தது. லேப்டாப் வந்தது, சிஸ்டம் என்றார்கள், ஆப் என்றார்கள், கம்ப்யூட்டர் என்ற சொல்லை எடுக்கவே ஆளில்லை. எடுத்தவர்களும், அது கம்ப்யூட்டர் காலத்துச் சமாச்சாரம் என்று, பழசைச் சொல்லத்தான் எடுத்தார்கள். ஊர் பழசு என்று நினைத்ததும் பெட்டி பழசாகிவிட்டது. பால் நிறத்தில் இருந்தது மஞ்சளாகி, இருமல் கண்டு, மழைக்காலத்தில் மூட்டு வலிக்கிற மாதிரி முனக ஆரம்பித்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, பனி நின்றது, கோழி நின்றது, பிறந்த குழந்தைக்குக் காட்ட நூல் மாதிரி ஒரு புகை மட்டும் மிச்சம் இருந்தது. பச்சைப் புள்ளி ஒருதரம் சிமிட்டி மறுதரம் சிமிட்டுவதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம்.

அப்போதுதான் திருப்பூரிலிருந்து மங்களேஸ்வரியின் அண்ணன் சேதுராஜ் போன் பண்ணினான். வயசு ஐம்பதைத் தாண்டிய தங்கச்சியை அத்தனை வருஷம் அவன் பெரிதாக விசாரித்ததில்லை.

"இன்னும் எதுக்கு அந்த ஓட்டைப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழுகுற? அதான் நிக்கப் போகுதுன்னு ஊரே சொல்லுதுல்ல. வர்ற வெள்ளிக்கிழமை வர்றேன். துணிமணியைக் கட்டி வையி, நம்ம வீட்டோட வந்து இரு."

போகத் துளிகூட இஷ்டமில்லை அவளுக்கு. திருப்பூரில் அவள் யார்? சேதுராஜோட தங்கச்சி, பின்கட்டு ரூமில் இருக்கிற ஒரு பொம்பளை. இங்கே தெருவில் நடந்தால், பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, கம்ப்யூட்டரக்கா என்று கூப்பிட ஆள் இருக்கிறது. ஆனால் பெட்டி நின்றுவிட்டால் எந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு இந்த அறையில் உட்கார்வது? சீனி முகம்மதுவின் அறை அது. அவர் போகச் சொல்ல மாட்டார், அதனாலேயே சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பெட்டி ஓடினால் இருப்பேன், நின்றால் போவேன் என்று பூமயிலிடம் சொன்னாள், சொல்லும்போது அழுதாள்.

பூமயில் கருவாட்டுக் கூடையை அப்படியே போட்டுவிட்டு டீக்கடைக்கு வந்தாள்.

"யோவ், எல்லாரும் இங்க கேளுங்க! அந்தப் பெட்டிக்கு நோவு ஒண்ணும் இல்ல. நம்ம வாய்க்குத்தான் நோவு. நம்ம அந்தச் சொல்லைச் சொல்றதில்ல, அதான் அது சாகுது. ஆளுக்கு ஒரு அர்த்தத்தைக் குடுத்துச் சொல்லுங்க, தன்னால எந்திரிச்சு உக்காரும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகணும்!"

அன்றிலிருந்து ஊர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மாதிரி ஒரு பரபரப்பு. உடையப்பன் தன் ஸ்ட்ராங் டீக்குக் கம்ப்யூட்டர் டீ என்று பேர் மாற்றினான். ஊரே வந்து, கம்ப்யூட்டர் ஒண்ணு போடு, சர்க்கரை தூக்கலா ஒரு கம்ப்யூட்டர் என்று வரிசை கட்ட, பெட்டியின் துவாரங்களில் நுரையோடு டீ எட்டிப் பார்த்தது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். மறுநாள் பழைய வழக்கத்தில் எல்லோரும் ஸ்ட்ராங் என்றே கேட்க, நுரை அடங்கிப்போனது. சீனி முகம்மது தன் முதல் தர வத்தலுக்குக் கம்ப்யூட்டர் வத்தல் என்று பேர் வைத்து ஏலம் கூவினார். பெட்டி ரத்தச் சிவப்பாக மாறி, பக்கத்தில் போனவர்கள் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், வெளியூர் வியாபாரிகள் போனதும் பழையபடி மஞ்சள். பள்ளிக்கூடத்துப் பெண்கள், வகுப்பிலிருந்து நழுவுவதற்குக் கம்ப்யூட்டர் பண்றது என்று பேர் வைத்தார்கள். பெட்டி மேசையிலிருந்து மெல்ல நழுவி மூலைக்குப் போய் நின்றுகொண்டது, அருளானந்து சார் அந்த அர்த்தத்தைத் தடை செய்தார். குழந்தையைத் தூக்கிவந்து தொட்டிலில் போடுகிற மாதிரி ஒரு சொல்லைத் தூக்கிவந்து ஒரு பொருளில் போட முடியாது. அது தானாக நடந்து போய்த்தான் உட்காரும்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் ஊர் இன்னொன்றும் பேசிக்கொண்டுதான் இருந்தது. கம்ப்யூட்டர் காலையில சாப்பிட்டுச்சா என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் முகமே வாடிப்போச்சு என்றார்கள். கம்ப்யூட்டரைத் தனியா விடாதீங்க, யாராச்சும் கூடப் போயி உக்காருங்க என்றார்கள். அவசரத்தில் அக்கா என்பதைச் சேர்க்க யாருக்கும் நேரமில்லை, தாங்கள் சொல்வது என்ன என்று நின்று கவனிக்கவும் நேரமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், உச்சி வெயிலில், பச்சைப் புள்ளி ஒருமுறை சிமிட்டியது. அடுத்த சிமிட்டலுக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீ குடிக்கிற நேரம் போயிற்று, சாப்பாட்டு நேரமும் போயிற்று. திரை கருப்பாகவே இருந்தது. மங்களேஸ்வரி முந்தானையால் பெட்டியைத் துடைத்து, நீலத் துணியைப் போட்டு மூடினாள். தலை கிறுகிறுத்தது, நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு குறுகுறுப்பு. அழுததால் இருக்கும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சேதுராஜ் வந்துவிட்டான். அறையைப் பூட்டி, சாவியை நீட்டினாள். சீனி முகம்மது வாங்காமல் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மிளகாய் நெடி என்றார். மண்டியில் அன்றைக்கு ஒரு வத்தல்கூட இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் துணிப்பை. எத்தனை பிள்ளைகளை இந்த பஸ் ஸ்டாண்டில் நின்று வழியனுப்பியிருக்கிறாள், இன்றைக்கு அவளே உள்ளே. ஊர் கீழே கூட்டமாக நின்றது. டிரைவர் வண்டியை உறுமவிட்டார்.

அதே நேரம் நாகஜோதி, பூமயிலின் மகள், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள், பிறந்த பிள்ளையை முதல்முறையாகத் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்டி, துணியில் சுற்றிக்கொண்டு மண்டிக்குப் போனாள். பூட்டிக் கிடந்தது. டீக்கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, கம்ப்யூட்டர் எங்க?"

உடையப்பன் யோசிக்கவே இல்லை. டீ ஆற்றுகிற கையாலேயே காட்டினான். "கம்ப்யூட்டர் பஸ்ல உக்காந்துருக்கு. ஓடு, ஓடு, வண்டி எடுக்கப் போறான்!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. டம்ளரைக் கீழே போட்டான்.

நாகஜோதி ஓடி வந்தாள். பஸ் படிக்கட்டில் கால் வைக்கப் போனவள் நின்று, இரண்டு செருப்பையும் கழற்றித் தரையில் விட்டுவிட்டு ஏறினாள். நேராக மங்களேஸ்வரியிடம் வந்து பிள்ளையை நீட்டினாள்.

"பிடி அக்கா. தலை காயலை."

"பெட்டி நின்னு போச்சுத்தா ஜோதி. நேத்தே நின்னு போச்சு."

"நான் பெட்டியவா கேட்டேன்? எனக்குக் கம்ப்யூட்டர்தான் வேணும். பிடி."

பழக்கப்பட்ட கைகள் மனசைக் கேட்காமல் நீண்டன. குழந்தையை முன்னங்கைகளில் குப்புறப் போட்டாள். போட்டதும், அவள் விரல் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக, மணக்க மணக்க, பழைய நாட்களில் வந்ததைவிடக் கெட்டியாகச் சாம்பிராணிப் புகை சுருண்டு எழுந்தது. பிள்ளை தும்மியது. தும்மிவிட்டுத் தூங்கிப்போனது.

முன்சீட்டுக்காரர் குனிந்து தன் செருப்பைக் கழற்றினார். அதை ஜன்னல் வழியாக வெளியே விட்டார். பக்கத்தில் இருந்தவரும் விட்டார். கண்டக்டர், சொல்ல வேண்டாமா, என்று முணுமுணுத்துக்கொண்டே தன் செருப்பைப் படியில் உதறினார். கீழே நின்ற கூட்டத்துக்கு அப்போதுதான் வெளிச்சமானது. ஊர் மொத்தமும் செருப்பைக் கழற்றியது.

"என்னய்யா கூத்து இது!" என்று சேதுராஜ் எழுந்தான். "வண்டியை எடுங்க! என் தங்கச்சியை நான் ராணி மாதிரி வச்சுக்கத்தானே..." அவன் வாய் ஒரு பக்கம் இழுத்தது. தொண்டையைச் செருமினான். மறுபடி திறந்தபோது வேறுதான் வந்தது. "வேலைக்காரி நின்னுட்டா. மருமக மாசமா இருக்கா. இவ வந்தா சோறாக்க ஆளாச்சுன்னுதான் வந்தேன்."

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான்.

"சில்லறை இருக்கு, குடுக்கத்தான் மனசில்ல," என்றார் கண்டக்டர், யாரும் கேட்காமலேயே, பயந்துபோய்.

முதலில் சிரித்தவள் மங்களேஸ்வரிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாமல் தோளைக் குலுக்கிச் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க அவள் மூச்சிலிருந்து சில்லென்று காற்று வந்தது, காற்றோடு பனி வந்தது, பனி கண்டக்டரின் பையிலும் டிரைவரின் வழுக்கையிலும் சேதுராஜின் வெள்ளை வேட்டியிலும் விழுந்தது, ஜன்னல்களுக்கு வெளியே ஊர் நாக்கை நீட்டியது. அவள் நெற்றியில், பொட்டுக்கு நேர் மேலே, ஒரு பச்சைப் புள்ளி சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்! முதல்ல ஆளுதான்! ஆளோட பேரைத்தான் மெஷினு எடுத்துச்சு, இப்பத் திரும்பக் குடுத்துருச்சு!" என்று வெறுங்காலோடு தார் ரோட்டில் குதித்துக்கொண்டிருந்தார் அருளானந்து சார். கொதிக்கிற ரோட்டில் குதிக்கிறாரா, சந்தோஷத்தில் குதிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவையும் அவரை யாரும் கேட்கவில்லை.

டிரைவர் எட்டிப் பார்த்தார். சக்கரத்துக்கு முன்னால் செருப்புக் குவியல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. "ஊரோட செருப்பு மேல வண்டி ஏத்தவாக்கும்? அந்தப் பாவம் எனக்கு வேணாம்," என்று இன்ஜினை நிறுத்தினார்.

மங்களேஸ்வரி எழுந்தாள். "அண்ணே, நான் வரல. எனக்கு இங்க வேலை இருக்கு."

சேதுராஜ் கையை வாயிலிருந்து எடுக்கப் பயந்தான். எடுத்தபோது, அவனே எதிர்பார்க்காத ஒன்று வந்தது. "இரு மங்களம். அந்த வீட்டுல எனக்கே உக்கார இடம் இல்ல." அதையும் உண்மை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பூமயில் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். குவியலுக்குள் அவன் தன் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

முன்னறை மறுபடி திறந்தது. பச்சைப் புள்ளி மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தது. பழைய பெட்டியை என்ன செய்வதென்று ஊர் யோசிக்கவில்லை. சீனி முகம்மது அதைத் தூக்கி வாசலில் பலகைக்குக் கீழே வைத்தார், வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்தார்கள். உயரம் தோதாக இருந்தது.

இப்போது நத்தக்குளத்தில் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். நம்ம கூப்பிட்டா வர்ற ஆளு என்று சொல்லும். போன மாதம் டீக்கடையில் பேப்பரைப் பிரித்த உடையப்பன், ஏஐ என்று புதுசாக ஒரு சொல் கிளம்பியிருக்கிறது, நம் பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறது என்று உரக்கப் படித்தான். கடையில் இருந்த எல்லோருக்கும் வாய் ஊறியது. கம்ப்யூட்டரிடம் போய், அது வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள்.

அவள் ஒரு குழந்தையைப் புகையில் ஆட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"வரட்டும். செருப்பை மட்டும் வெளியில விட்டுட்டு வரச் சொல்லுங்க."